முழுநாள் மலை ஓட்டத்துக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு



தலவாக்கலைப் பக்கம் மலைச் சைக்கிளோடு வரும் இளம்பிள்ளைகளைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ பாதை 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளுகிறது. அதில் பூண்டுலோயாவிலிருந்து வட்டகொடை, அங்கிருந்து கொட்டகலை, பிறகு நோர்வூட் என்று போகும் பகுதிகள் நமக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன. நடப்பவர்களுக்காக வகுத்த பாதை அது. சைக்கிள்காரர்களும் அதில் போகிறார்கள்.

அந்தப் பாதைக்குப் பெயர்தான் புதிது. கொழுந்து ஸ்டோருக்குப் போகவும், தேயிலைப் பெட்டி வெளியேறவும் நம் பாட்டன் பூட்டன்மார் மண்வெட்டியால் வெட்டிய வழிகள் அதில் நிறைய உண்டு. இன்றைக்கும் அங்கே காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் கலைந்து ஆட்கள் மலைக்கு ஏறுகிறார்கள். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொண்டுபோக மறந்ததை மலையில் வேறு யாராவது உங்களுக்காகச் சுமக்க வேண்டிவரும். அநேகமாக அது கொழுந்தெடுக்கும் ஓர் அக்காவாக இருக்கும். உங்களைத் தூக்கிவிட வந்த நேரத்தில் அவர் கூடையில் கொழுந்து விழாது. தராசில் நிறை குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகி, அன்றைய கூலி பாதியாகிவிடும். கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் இதை நினைத்தே சொல்கிறேன்.

1. தூரத்தைப் பார்க்காமல் ஏற்றத்தைப் பாருங்கள். நம் பக்கத்தில் 30 கிலோமீற்றர் என்பது ஒரு முழு நாளைத் தின்றுவிடும். தலவாக்கலை டவுன் ஏறக்குறைய 1200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நானுஓயா ஸ்டேசன் 1600 மீற்றரைத் தாண்டியது. நடுவில் ஏறி இறங்கி மறுபடி ஏறும் கணக்கு வேறு. வரைபடத்தில் மொத்த ஏற்றத்தைக் கூட்டிப் பாருங்கள். உங்கள் சாதாரண ஓட்டத்தில் ஏறுவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வந்தால் அந்த வழியை இன்னும் இரண்டு மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.

2. உடம்பை மெல்லப் பழக்குங்கள். வாரத்தில் மூன்று நாள் ஓட்டுங்கள். அதில் ஒரு நாள் நீண்ட ஓட்டமாக இருக்கட்டும். அந்த நீண்ட ஓட்டத்தை வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டி, போக நினைக்கும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை கொண்டுவாருங்கள். கடைசி வாரம் குறைத்துவிட்டு நன்றாகத் தூங்குங்கள். இன்னொன்றையும் பழக வேண்டும்: சைக்கிளைத் தள்ளுவது, தோளில் தூக்கிப் படி ஏறுவது. தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் கற்படிகள் உண்டு, ஓடை உண்டு, சரிந்து கிடக்கும் மரம் உண்டு. காலுக்கு இருக்கும் பலம் முதுகுக்கும் இருக்க வேண்டும்.

3. பிரேக்கை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பாருங்கள். நானுஓயாப் பக்கத்து ரதல்ல குறுக்கு வீதியின் இறக்கம் எப்படிப்பட்டதென்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 2023 ஜனவரியில் அங்கே பஸ்ஸும் வேனும் மோதி 7 பேர் இறந்தார்கள். சைக்கிள்தானே என்று இறக்கத்தை அசட்டை பண்ணாதீர்கள். டிஸ்க் பிரேக் பேடில் தேயும் பகுதி 1 மில்லிமீற்றர் அளவுக்கு மெலிந்திருந்தால் புறப்படும் முன்பே மாற்றிவிடுங்கள். மழையில் சேறும் மணலும் சேர்ந்தால் நல்ல பேடே ஒரு நாளில் தேய்ந்துபோகும். அதனால் ஒரு சோடி உபரியாகப் பையில் இருக்கட்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாக இழுத்துப் பிடித்தால் சூடேறிப் பிடிமானம் குறையும். முடக்குக்கு முன் இறுக்கிப் பிடித்து வேகத்தைக் கொன்று, பிறகு விட்டு, மறுபடி பிடியுங்கள். சூடான டிஸ்க்கில் கை வைக்காதீர்கள்.

4. டயருக்கு அடுத்த இடம். பிடிப்புத் தேயாத, அகலமான டயர் வேண்டும். ரோட்டுக்கு அடிப்பது போலக் காற்றை இறுக அடித்தால் ஈரக் கல்லில் வழுக்கும். மிகவும் குறைத்தாலோ ரிம் கல்லில் மோதி டியூப் நசுங்கும். உங்கள் எடைக்குச் சரியான அளவைச் சின்ன ஓட்டங்களில் கண்டுபிடித்து எழுதிவையுங்கள். டியூப்லெஸ் டயர் என்றாலும் இரண்டு டியூப் கொண்டுபோங்கள். பக்கவாட்டில் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயரில் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்று போதும்.

5. சின்னப் பொதிதான் உங்களை வீட்டுக்குக் கொண்டுவரும். பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் கழற்றும் நெம்பி இரண்டு, செயின் வெட்டும் முனையுள்ள கைக்கருவி, உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி, பிளாஸ்டிக் கட்டு நாடா, பம்பில் சுற்றிவைத்த ஒட்டு நாடா. இவற்றோடு பின்கியரைத் தாங்கும் அலுமினியத் துண்டில் ஒன்று உபரியாக வேண்டும். ஹேங்கர் என்று சொல்லிக் கேளுங்கள். விழும்போது முதலில் வளைவது அதுதான். ஒவ்வொரு சைக்கிளுக்கும் அது வேறு மாதிரி என்பதால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ அவசரத்துக்குக் கிடைக்குமென்று நம்பிப் போகாதீர்கள். கருவி வைத்திருப்பவர் அதைப் பாவிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் ஒருமுறை டியூப் மாற்றி, ஒருமுறை செயினை வெட்டிச் சேர்த்துப் பாருங்கள்.

6. புதுச் சாமானோடு புறப்படாதீர்கள். புது சப்பாத்து, புது சீட், புதுப் பை எல்லாம் சின்ன ஓட்டங்களில் பழகட்டும். பையில் அதே பாரத்தை வைத்து ஒருமுறையாவது ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். எங்கே உரசுகிறது, எது ஆடுகிறது என்று அப்போது தெரியும்.

7. குளிருக்கும் மழைக்கும் இடம் வையுங்கள். 1000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை குளிர் கூடும். ஈர உடுப்போடு இறக்கத்தில் காற்று அடித்தால் கை மரத்துப் பிரேக் பிடிக்க வராது. பருத்திச் சட்டை ஈரத்தை விடாது. சீக்கிரம் காயும் துணி போடுங்கள். மழைச் சட்டையும், பொலித்தீனில் சுற்றிய ஒரு மாற்றுச் சட்டையும் எந்த மாதத்திலும் பையில் இருக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை. ஒக்டோபர், நவம்பரில் பகல் திரும்பியதும் இடி மழை. ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் புதியவர்களுக்கு ஏற்ற காலம். அப்போதும் விடிந்ததும் புறப்பட்டு, பகல் இரண்டு மணிக்குள் உயரமான இடத்தைத் தாண்டிவிடுங்கள். பனிமூட்டம் இறங்கினால் முன்னும் பின்னும் லைட் போடுங்கள்.

8. மண்ணை நம்பும் முன் விசாரியுங்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலையகம் பட்ட பாட்டை நாம் கண்டோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை எச்சரிக்கை விடுகிறது. நீங்கள் போகும் பிரதேசத்துக்கு மஞ்சள் விழுந்திருந்தாலே பயணத்தை ஒத்திவையுங்கள். வழியில் நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றில் எதைக் கண்டாலும் அந்தச் சரிவைக் கடக்க வேண்டாம். கண்டதைப் பக்கத்து லயத்தில் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். அந்தச் சரிவுக்குக் கீழே அவர்கள் வீடு இருக்கலாம்.

9. பசிக்கும் முன் சாப்பிடுங்கள், தாகத்துக்கு முன் குடியுங்கள். நம் தோட்டத்து ரொட்டியும் கட்டச் சம்பலும் நல்ல வழிச் சாப்பாடு. அதோடு வாழைப்பழம், பேரீச்சம்பழம், கச்சான், எள்ளுருண்டை. முக்கால் மணிக்கொரு தடவை கொஞ்சம் வாயில் போடுங்கள். தண்ணீர் இரண்டு லீற்றருக்குக் குறைய வேண்டாம். உப்புக் கரைசலுக்கு ஜீவனிப் பைக்கட்டு இரண்டு வையுங்கள். பீலித் தண்ணி தெளிவாகத்தான் தெரியும். மேலே லயம் இருக்கலாம், உரம் போட்ட மலை இருக்கலாம். வடிகட்டாமலும் கொதிக்கவைக்காமலும் குடிக்காதீர்கள்.

10. குளவிக்கு அஞ்சுங்கள். குளவி கொட்டித் தோட்டத்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதும் உயிர் விடுவதும் நம் ஊரில் திரும்பத் திரும்ப நடக்கிறது. உயர்ந்த மரத்திலும் இருக்கும், தேயிலைச் செடிக்குள்ளும் இருக்கும். கூட்டைக் கண்டால் சத்தமில்லாமல் விலகுங்கள். கலைந்துவிட்டால் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு தூரமாகப் போய்விடுங்கள். கொட்டியபின் மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ நேரம் கடத்தாமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அட்டைக்கு இவ்வளவு பயம் வேண்டாம். நகத்தால் தள்ளி எடுத்து, இடத்தைக் கழுவிக் கட்டினால் போதும்.

11. போகும் வழியை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன் வழியாக, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விடும். வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கிவையுங்கள். தனியே போகாதீர்கள். மூன்று பேர் என்றால் ஒருவருக்கு அடிபட்டாலும் ஒருவர் கூட இருக்க, மற்றவர் ஆள் கூப்பிடப் போகலாம். கூட்டத்தில் மெதுவாக வருபவரின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். ரயில் பாதை கிட்ட வழியென்று அதில் இறங்காதீர்கள். கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் நடுவிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் வந்தால் ஒதுங்குவதற்கு இடம் தேட நேரமிருக்காது.

12. வேலை செய்பவருக்கு வழிவிடுங்கள். கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்து இறங்கும் ஒருவரால் ஒதுங்க முடியாது. நீங்கள் இறங்கி, கான் பக்கமாகச் சைக்கிளைச் சாய்த்து நில்லுங்கள். தேயிலை வரிசைக்குள் சக்கரத்தை விடாதீர்கள். ஈரத்தில் பாதை ஓரத்தை அரைத்துவிட்டால் அடுத்த மழைக்கு அது சரியும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். லயத்தைக் கடக்கும்போது வேகத்தைக் குறையுங்கள்; பிள்ளைகள் வாசலில் விளையாடும். சேற்றுச் சைக்கிளைப் பீலியில் கழுவாதீர்கள். அது அவர்கள் குடிக்க எடுக்கும் தண்ணீர்.

13. திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். கையிலுள்ள வெளிச்சத்தில் பாதி முடிந்தும் பாதி வழி வரவில்லை என்றால் திரும்புங்கள். மலை மேல் நின்றுகொண்டு இன்னும் கொஞ்சம் என்று முடிவெடுப்பவருக்குக் களைப்புதான் முடிவெடுத்துக் கொடுக்கும்.

14. அடுத்த ஓட்டத்துக்குத் தோட்டத்துப் பிள்ளை ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். எந்தக் குறுக்கு எங்கே இறங்கும், எந்த ஓடை மழைக்குப் பெருகும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த வரைபடத்துக்கும் தெரியாது. வழிகாட்டினால் நியாயமான கூலி கொடுங்கள். உங்கள் பழைய சைக்கிளைச் சரிசெய்து கொடுக்க முடிந்தால் கொடுங்கள், பஞ்சர் ஒட்டவும் சொல்லிக்கொடுங்கள். இந்த மலைப் பாதைகளை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அவற்றில் தாங்களும் ஆசைக்குச் சைக்கிள் விட வேண்டும். அதற்கு உதவுகிறவர்களையே நான் நல்ல சைக்கிள்காரர்கள் என்பேன்.