பழைய பெயிண்ட் தூசி: நனை, பிடி, கழுவு
(குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பேச)



பொங்கல் நெருங்கினால் ஊரெல்லாம் வெள்ளையடிப்பும் பெயிண்ட் வேலையும்தான். நம் உறுப்பினர்கள் பலர் இப்போது கூலிக்கும் காண்ட்ராக்டுக்கும் இந்த வேலைக்குப் போகிறார்கள். மற்றவர்கள் சொந்த வீட்டுக் கதவு, சன்னலைத் தாங்களே தேய்த்துப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அதனால் இந்த மாதப் பாடம் எல்லோருக்குமானது.

கள வேலையாகப் போனபோது நாங்கள் ஒரு பழைய ஓட்டு வீட்டில் நின்றோம். நம் உறுப்பினர் ஒருவர் ஏணியில் நின்று, முகப்புப் பலகையையும் சன்னல் சட்டத்தையும் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். பச்சைத் தூசி மாவு மாதிரி திண்ணையில் கொட்டியது. திண்ணையில் அவருடைய இரண்டு வயதுப் பிள்ளை அந்தத் தூசியில் விரலால் கோடு போட்டு விளையாடியது. அப்புறம் அந்த விரலை வாயில் வைத்தது. நாங்களும் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கும் உடனே உறைக்கவில்லை.

"தூசிதானே, குளிச்சா போயிடும்" என்றார் அந்தச் சகோதரி. தோலில் இருப்பது போய்விடும். உள்ளே போனது என்ன ஆகும்?

தூசிக்குள் என்ன இருக்கிறது?

பெயிண்ட் சீக்கிரம் காயவும், நிறம் பளிச்சென்று இருக்கவும், ஈரத்தைத் தாங்கவும் முன்பெல்லாம் அதில் ஈயம் சேர்த்தார்கள். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி கொண்டுவந்தது. அது 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் இருக்கலாம். கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. எனவே பழைய பெயிண்ட் எல்லாவற்றிலும் ஈயம் இருக்கிறது என்றே நினைத்து வேலை செய்வதுதான் புத்திசாலித்தனம்.

ஈயம் மூளையையும் நரம்பையும் கெடுக்கும், ரத்தசோகையை உண்டாக்கும். பெரியவர்களை விடச் சிறு குழந்தைகளின் உடம்பு, வயிற்றுக்குள் போகும் ஈயத்தை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். படிப்பு ஏறாமை, கவனக் குறைவு என்று பிறகுதான் தெரியவரும். "இவ்வளவு இருந்தால் பரவாயில்லை" என்று சொல்லக்கூடிய அளவே குழந்தைக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாயின் எலும்பில் தங்கிய ஈயம், அவர் கர்ப்பமாகும்போது ரத்தத்தில் கலந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். ஆகவே கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்தத் தேய்ப்பு வேலைக்கு வர வேண்டாம். அவர்களுக்குத் தூசி இல்லாத வேறு வேலையைக் குழு ஒதுக்கட்டும்.

மூன்று வார்த்தையை மனதில் வையுங்கள்: நனை, பிடி, கழுவு.

1. நனை

தூசி கிளம்பிய பிறகு துரத்துவதைவிட, கிளம்பாமல் செய்வது சுலபம். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் தாள் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கிடைக்கும். சட்டத்தை ஒரு முழம் அளவு நனைத்து, தேய்த்து, காய்வதற்குள் ஈரத் துணியால் துடைத்துவிட்டு அடுத்த முழத்துக்குப் போங்கள். உரிந்து நிற்கும் பெயிண்டையும் நனைத்த பிறகே சுரண்டுங்கள். மரம் நன்றாகக் காய்ந்த பின்தான் பட்டி, பிரைமர்.

மின்சாரத் தேய்ப்பு மெஷினை ஈரத்தில் ஓட்டக் கூடாது, ஷாக் அடிக்கும். தூசி உறிஞ்சும் வசதி இல்லாத மெஷின் தெருவெல்லாம் தூசியை வீசும். பழைய பெயிண்டுக்கு ஈரக் கைவேலையே நல்லது. தீ வைத்துப் பெயிண்டை உரிக்கவே வேண்டாம், அந்தப் புகையிலும் ஈயம் இருக்கும்.

2. பிடி

தேய்க்கும் இடத்துக்கு ஒரு சாண் கீழே பிளாஸ்டிக் தாளைச் சுவரில் ஒட்டி, கீழ் முனையைத் தூக்கித் தொட்டில் மாதிரி கட்டுங்கள். விழும் சுரண்டலில் பெரும்பகுதி அதிலேயே தங்கும். கீழே தரையில் தார்ப்பாய் விரியுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஏணியின் கால் தார்ப்பாய் மேல் நிற்கக் கூடாது, வழுக்கிவிடும். ஏணிக்கால் கெட்டியான வெறுந்தரையில் இருக்கட்டும், தார்ப்பாயை அதைச் சுற்றி விரியுங்கள்.

ஏணியை 12 அடி உயரத்தில் சாய்த்தால், அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியில். தண்ணீர் டப்பாவைக் கையில் பிடிக்காமல் கொக்கியில் மாட்டுங்கள். எட்டித் தேய்க்காதீர்கள், இறங்கி ஏணியை நகர்த்துங்கள். முந்தானையைச் செருகி, மேலே சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் மின்கம்பி போனால் அங்கே ஏணியே வேண்டாம். மூங்கில் ஏணியும் நனைந்தால் மின்சாரம் கடத்தும்.

தேய்க்கும் இடம் தலைக்கு மேலே இருந்தால் தூசி கண்ணிலேயே விழும். மார்பு உயரத்துக்கு வரும்படி நில்லுங்கள். ஆனால் ஏணியின் உச்சிப் படிகளில் ஏற வேண்டாம். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரட்டும், பலமாக வீசினால் வேலையை நிறுத்துங்கள். துண்டு கட்டினால் நுண்தூசி நிற்காது. மூக்கோடு ஒட்டி நிற்கும் என்-95 முகக்கவசம் போடுங்கள். கீழே ஏணியைப் பிடிப்பவருக்கும் முகக்கவசமும் தலைத்துணியும் வேண்டும். மேலிருந்து விழுவது அவர் மேல்தானே!

வேலை தொடங்கும் முன் சன்னலைச் சாத்தி, தண்ணீர்க் குடம், காயப்போட்ட வடகம், துணிமணியை எடுத்துவிடுங்கள். ஆடு, கோழியைத் தள்ளிக் கட்டுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

3. கழுவு

துடைப்பத்தால் பெருக்காதீர்கள், அடங்கிய தூசி மறுபடி எழும். தார்ப்பாயை உள்பக்கமாக மடித்துச் சுரண்டலைக் கனமான பையில் கட்டுங்கள். எரிக்க வேண்டாம். குப்பை வாங்க வருபவரிடம் விவரம் சொல்லித் தனியாகக் கொடுங்கள். திண்ணையை ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்து, துணியை அடிக்கடி அலசுங்கள். அழுக்குத் தண்ணீரைக் கிணற்றடியிலோ கீரைப் பாத்தியிலோ ஊற்றாதீர்கள்.

கையையும் முகத்தையும் சோப்பு போட்டுக் கழுவாமல் சோறு, டீ, வெற்றிலை எதுவும் வேண்டாம். வேலைத் துணியை அங்கேயே மாற்றி, பையில் போட்டு எடுத்துப்போய்த் தனியாகத் துவையுங்கள். வீட்டுக்குப் போனதும் பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும், அதற்கு முன்பே இதையெல்லாம் முடித்துவிட வேண்டும்.

இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகம் உறிஞ்சும். முருங்கைக் கீரை, கேழ்வரகு, பால் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். இது மருந்து அல்ல, துணை மட்டுமே. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் ரத்தத்தில் ஈயம் பார்க்கும் சோதனை பற்றிக் கேளுங்கள்.

கூலி என்ன ஆகும்?

"இப்படி செஞ்சா நேரமாகும், கூலி யார் கொடுப்பா?" என்று அந்தச் சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. ஒருவர் மட்டும் கூடுதலாகக் கேட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். எல்லோரும் ஒரே விலை சொன்னால் போகாது. மூடவும் சுத்தம் செய்யவும் ஆகும் நேரத்தையும், தாள், முகக்கவசச் செலவையும் காண்ட்ராக்ட் பேசும்போதே சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டுக்காரரின் பிள்ளைக்கும் பாதுகாப்பு என்று எடுத்துச் சொன்னால் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

அன்று அந்தச் சகோதரி இறங்கி வந்து முதலில் தன் கையைக் கழுவினார். பிறகு பிள்ளையின் கையைக் கழுவிவிட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தார். மீதிச் சட்டத்தை நனைத்தே தேய்த்தார். நேரம் கொஞ்சம் அதிகமானது, திண்ணையில் தூசி இல்லை.

கூட்டத்தில் பேசுவோம்:

• நம் குழுவில் பெயிண்ட் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பிள்ளைகளை அந்த நேரத்தில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?
• தார்ப்பாய், நல்ல ஏணி ஆகியவற்றைக் குழுப் பொதுவில் வாங்கி வைக்கலாமா?
• தேய்ப்பு வேலைக்கு எல்லோரும் சேர்ந்து என்ன கூலி கேட்பது?

முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.