வார்டிலிருந்து ஆலோசனை மேசைக்கு

கேள்வி: ஐசியூவில் 11 ஆண்டு நர்ஸ் வேலை பார்த்தவர், மருத்துவமனைகளுக்கு ஆலோசகராக முடியுமா? - ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமாக முடியும். கிரிமியப் போரில் ஸ்குட்டாரி மருத்துவமனையில் பணியாற்றிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1856-இல் ஊர் திரும்பிய பிறகு செய்த பெரும்பணியே ஆலோசனைதான். கட்டடம், காற்றோட்டம், இறப்புக் கணக்கு என அரசுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமல் இங்கிருந்த ராணுவ முகாம்களின் சுகாதாரத்தையும் அலசினார்.

இங்கே 2005-இல் என்ஏபிஹெச் தர அங்கீகார வாரியம் அமைந்தது. அந்த அங்கீகாரத்துக்குத் தயாராகும் மருத்துவமனைகளுக்கு வழிகாட்ட ஆள் வேண்டும். நிர்வாகம் மட்டும் படித்தவர் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார். நர்ஸின் கை நேராக அவசர டிராலியின் இழுப்பறைக்குப் போகும். அட்ரினலின் ஆம்பூலைத் திருப்பிக் காலாவதி தேதியைப் படிப்பார். ஷிப்ட் மாறும்போது எந்தத் தகவல் விட்டுப்போகும் என்பதும் அவருக்கு அத்துப்படி. அந்த அனுபவத்துக்குத்தான் மதிப்பு.

ஆனால் எக்செலும் அறிக்கை எழுதுவதும் பழகியே ஆக வேண்டும்.

வேலையை உடனே விட வேண்டாம். இப்போதைய மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவில் சேர்ந்து, ஆறு மாதம் கை கழுவும் கணக்கை எடுக்கலாம். மாதவாரியாக என்ன மாறியது என்று காட்டும் அந்த அட்டவணையோடு நேர்காணலுக்குப் போகலாம்.