விலையைக் கடைசியில பாரு, முதல்ல அடுப்படியில டவர் வருதான்னு பாரு!

"பக்கத்து வீட்டுல போட்டிருக்காங்க, நல்லாருக்காம்"னு யாரோ சொன்னதும் வீட்டுல இருக்கற நாலு நம்பரையும் ஒரே கம்பெனிக்கு மாத்தக் கிளம்பிடாதே தங்கச்சி. ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல்னு பார்க்க வேண்டியதே நாலு பேர்தான். ஆனா எல்லாரும் முதல்ல விலையைப் பார்த்துட்டு, வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில நின்னு "ஹலோ ஹலோ"ன்னு கத்தறாங்க. நான் சொல்ற வரிசையில போ.

1. டவர் டெஸ்ட், செலவே இல்லாம

வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்க கையில வேற வேற சிம் இருக்கும்ல? அந்த போனை வாங்கி அடுப்படி, படுக்கையறை, பின்கட்டு மூணு இடத்துலயும் ஒரு கால் பேசிப் பாரு. திரையில தெரியற சிக்னல் கோட்டை எண்ணிட்டு திருப்திப்படாதே. கோடு முழுசா இருந்தும் குரல் அறுந்து அறுந்து வரும். ராத்திரி எட்டரை, ஒன்பது மணிக்குப் பாரு. தெருவே வீடியோ பார்க்கற நேரம் அது, அப்பத்தான் லட்சணம் தெரியும்.

வீடு மட்டும் போதாது. அவர் ஆபீஸ், பையன் ஹாஸ்டல், மாமியார் ஊர் எல்லாத்தையும் கணக்குல எடு. எல்லா இடத்துலயும் ஒரே கம்பெனி நல்லா எடுக்கலைன்னா, ஆளுக்கு ஒண்ணா வெச்சுக்கோ. குடும்பம்னா ஒரே சிம்தான்னு யாரும் சட்டம் போடல. வீட்டுல வைஃபை இருந்தா போன் செட்டிங்ஸ்ல "வைஃபை காலிங்"கை ஆன் பண்ணிப் பாரு. பாதிப் பேருக்கு சிம் மாத்தற வேலையே மிச்சமாகும்.

2. பாட்டியோட பட்டன் போன்

இதை மறந்துட்டுத்தான் பல வீட்டுல சண்டை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது. பழைய பட்டன் போன்ல அந்த சிம்மைப் போட்டா சும்மா கிடக்கும். 4ஜி பட்டன் போனா இருக்கணும். "போனையே மாத்திடலாம்"னு சுலபமா சொல்லாதே. டார்ச் எங்க, பச்சை பட்டன் எங்கன்னு விரலாலேயே தெரிஞ்சு வெச்சிருக்கற போன் அது.

நெட்டே தொடாத பெரியவங்களுக்கு தினம் ஒன்றரை ஜிபி எதுக்கு? பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் கொடுத்தே ஆகணும்னு 2024 டிசம்பர்ல தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டிருக்கு. கம்பெனி ஆப்ல அதை முன்னால காட்ட மாட்டாங்க. நீதான் தேடணும், இல்லேன்னா கடையில "வாய்ஸ் மட்டும் என்ன இருக்கு?"ன்னு வாய்விட்டுக் கேக்கணும்.

3. 28 நாள் கணக்கு

28 நாள் ஒரு மாசம் இல்லம்மா! வருஷத்துக்கு 13 ரீசார்ஜ் வரும். நாலு போன்னா 52 தடவை. விலையை நாளால வகுத்துப் பாரு, அவ்வளவுதான் வித்தை. உதாரணத்துக்கு 28 நாளுக்கு 300 ரூபாய்னா நாளுக்கு 10.71. அதையே 30 நாளுக்கு 315ன்னு கொடுத்தா 10.50. பார்க்க அதிகம், கணக்குல குறைவு. 30 நாள் ரீசார்ஜும், மாசாமாசம் அதே தேதியில வர்ற ரீசார்ஜும் ஒண்ணாவது வெச்சிருக்கணும்னு 2022லயே டிராய் சொல்லியாச்சு.

4. ஃபேமிலி போஸ்ட்பெய்டு: நாலு கேள்வி கேக்காம கையெழுத்துப் போடாதே

- வரி சேர்த்து எவ்வளவு? ப்ரீபெய்டு விலையில ஜிஎஸ்டி அடங்கிடும். போஸ்ட்பெய்டுல பெரும்பாலும் அடங்காது. 500ன்னு போட்டிருந்தா 18 சதவீதம் சேர்த்து 590.
- டேட்டா ஆளுக்குத் தனியா, மொத்தமா ஒரே குடமா? ஒரே குடம்னா பிளஸ் டூ படிக்கற பையன் பத்தாம் தேதிக்குள்ள காலி பண்ணிடுவான். ஆளுக்கு இவ்வளவுன்னு வரம்பு வைக்க முடியுமான்னு கேளு.
- பில் கட்டத் தவறினா ஒரு நம்பர் நிக்குமா, அத்தனையும் நிக்குமா?
- கூடச் சேர்க்கற நம்பர் யார் பேர்ல இருக்கும்? நாளைக்குப் பொண்ணு கல்யாணமாகிப் போகும்போது பிரிச்சு எடுக்க முடியணும்ல?

நாலு பேரும் வெளியில அலையறவங்க, டேட்டா நிறைய வேணும்னா இது லாபம்தான். ரெண்டு பேர் வீட்டு வைஃபைலேயே இருக்கறவங்கன்னா சும்மா தண்டம்.

5. ஓடிடி ஆசை

"இலவசம்"னு சொல்றது பலதும் போன் திரைக்கு மட்டும்தான், டிவியில ஓடாது. அதுக்காகப் பிளானை ஏத்தாதே. நகரு.

6. மாத்தறதுன்னு முடிவு பண்ணியாச்சா?

PORT-ன்னு இங்கிலீஷ்ல அடிச்சு, இடம் விட்டு நம்பரைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பு. வர்ற கோடு நாலு நாள்தான் செல்லும். புது கடைக்காரர் தவிர யார்கிட்டயும் அதைச் சொல்லாதே, "கம்பெனியிலேர்ந்து பேசறோம்"னு போன் வந்தாலும் சரி. ஒரே மாநிலத்துக்குள்ளன்னா மூணு வேலை நாள்ல மாறிடும்.

முதல்ல ஒரே ஒரு நம்பரை மட்டும் மாத்து, பேங்க் ஓடிபி வராத நம்பரா பார்த்து. ஒரு தடவை மாத்தினா 90 நாளைக்கு மறுபடி மாத்த முடியாது. நாலையும் மாத்திட்டு மூணு மாசம் முழிக்காதே. பழைய ரீசார்ஜ்ல மிச்சமிருக்கற நாள் கூட வராது, அதனால அது முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஆரம்பி. போஸ்ட்பெய்டு பாக்கி இருந்தா கட்டிட்டுப் போ. நம்பர் யார் பேர்ல இருக்குன்னு முன்னாடியே பார்த்துக்கோ. அப்பா பேர்ல வாங்கினதுன்னா ஆதாரோட அவர்தான் கடைக்கு வரணும். இந்த வெயில்ல அவரை ரெண்டு தடவை அலைய விடாதே.