வரிசைத் தட்டு ஏந்தும் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கும்போது



சித்திரை, வைகாசி பிறந்தால் நம் பக்கம் கல்யாணத்துக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடமும் லீவு. வரிசைத் தட்டு தூக்க, பூத்தட்டு ஏந்த, மாப்பிள்ளை அழைப்பில் முன்னால் நடக்க என்று ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை உள்ள பெண் பிள்ளைகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி நிறுத்துகிறோம். மாதா கோயில் கல்யாணம் என்றால் பொண்ணுக்கு முன்னால் பூத்தூவிப் போவதும் இவர்கள்தான். பாவாடைத் துணியை ஒரு மாதம் முன்பே எடுத்துவிடுகிறோம். செருப்பு மட்டும் முதல் நாள் சாயந்திரம்தான் ஞாபகத்துக்கு வரும். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான்.

கடைக்குப் போகும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். அன்றைக்குப் பிள்ளை எங்கே செருப்போடு நடப்பாள், எங்கே வெறுங்காலோடு நிற்பாள்?

கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேவநாத சுவாமி கோயிலில் நல்ல முகூர்த்த நாளில் ஒரே காலையில் நூறு கல்யாணத்துக்கு மேலும் நடக்கும். கூட்டத்தில் செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு மலைப்படி ஏறுகிறோம். காலை ஆறு மணிக்குப் படி சில்லென்று இருக்கும். தாலி கட்டி, போட்டோ எடுத்து, இறங்கி வரும்போது மணி பத்தாகிவிட்டால் அதே படி கொதிக்கும். சிதம்பரத்திலும் அப்படித்தான். செருப்பைக் கோபுர வாசலிலேயே விட்டுவிட வேண்டும். உள்ளே பெரிய கல் தளம், பாதிக்கு மேல் திறந்தவெளி. மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை கத்திரி. அந்த வெயிலில் தார் ரோடு 60 டிகிரிக்கு மேலும் போகும். பிள்ளைகளின் பாதத்தோல் மெல்லியது, பெரியவர்களுக்கு முன்பே அவர்களுக்குச் சுட்டுவிடும். கையில் தட்டு இருப்பதால் ஓடி நிழலுக்குப் போகவும் முடியாது. பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்.

ஆகவே நமக்கு வேண்டியது போட்டோவுக்கான செருப்பு அல்ல. போட்டோ எடுக்கும் நேரத்தில் அது காலிலேயே இருக்காது! குனியாமல், யார் உதவியும் இல்லாமல் சட்டென்று போடவும் கழற்றவும் முடிய வேண்டும். சின்ன பக்கிள் வேண்டாம், ஒட்டுகிற பட்டை நல்லது. குதிகாலுக்குப் பின்னால் பட்டை இருந்தால் தட்டோடு நடக்கும்போது கழன்று போகாது. ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம். தட்டு தூக்கும் பிள்ளைக்குக் கால் கண்ணுக்குத் தெரியாது, ஒரு குழியில் கால் மடங்கினால் தேங்காய் பழத்தோடு பிள்ளையும் கீழே. அடிப்பகுதி தட்டையாக, கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். முன்பக்கம் விரல் மடங்கும் இடத்தில் வளைகிறதா என்று கையால் வளைத்துப் பாருங்கள். நடுவில் மடிந்தால் வைத்துவிடுங்கள். கல் ஒட்டிய பட்டையில் கொலுசு மாட்டிக்கொள்ளும். அதனால் கொலுசையும் கடைக்கு எடுத்துப் போங்கள்.

அளவு விஷயத்தில்தான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். “வளர்ற புள்ளதானே, ரெண்டு சைஸ் பெருசா குடுப்பா” என்று கேட்கிறோம். ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர். ரெண்டு சைஸ் என்றால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல். கால் உள்ளே வழுக்கி வழுக்கித்தான் செருப்புக்கடி வரும், தடுக்கியும் விழும். பெருவிரலுக்கு முன்னால் அரை விரல்கடை இடம் இருந்தால் போதும்.

ஈர்க்குச்சியை ஒடித்துக் காலுக்கு அளவெடுத்துப் போகும் பழக்கம் நம்மிடம் உண்டு. நல்ல பழக்கம்தான், ஆனால் அதில் நீளம் மட்டுமே வரும், அகலம் வராது. பழைய நோட்டு அட்டையில் பிள்ளையை நிற்க வைத்து, பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு காலையும் வரையுங்கள். சாயந்திரம் வரைய வேண்டும், ஏனென்றால் நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். வெட்டிப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் அட்டையைச் செருப்புக்குள் வைத்தால் ஓரம் மடங்காமல் படிய வேண்டும். பெரிய காலுக்கு எது சரியோ அதுதான் சைஸ். ஆறு பிள்ளைகளுக்கு வாங்க ஒருவர் மட்டும் லாரன்ஸ் ரோட்டுக்குப் போய் வந்தால் போதும், பிள்ளைகளை வெயிலில் பஸ் ஏற்ற வேண்டாம். நிறம் ஒன்றாக இருக்கட்டும், சைஸ் அவரவருக்கு.

ஆறு பேர் என்றால் ஆறு பேருக்கும் வாங்குங்கள். “அது சும்மா நடந்து பழகின புள்ள” என்று வசதி குறைந்த வீட்டுப் பெண்ணை மட்டும் வெறுங்காலோடு நிறுத்துவதைப் பார்த்திருக்கிறோம். தமிழ்நாட்டின் பல கிராமங்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஊர்த் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துப் போக வேண்டியிருந்தது. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம், பொது இடத்தில் அவர்கள் செருப்பு போடுவதைத் தடுப்பதையும், கல்யாண ஊர்வலம் போவதைத் தடுப்பதையும் ஒரே பிரிவில் குற்றம் என்று சொல்கிறது. 2016 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. செருப்பு சின்ன விஷயம் இல்லை.

வாங்கிய செருப்பை அன்றைக்குத்தான் பிரிக்க வேண்டும் என்பதில்லை. ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டுக்குள் தினம் அரை மணி நேரம் போட்டு நடக்க விடுங்கள். கடிக்கிற ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவலாம். பாவாடை உயரத்தையும் செருப்பு போட்டு நிறுத்தித்தான் பார்க்க வேண்டும், கரை கணுக்காலுக்கு மேல் நின்றால் மிதிபடாது.

கல்யாணத்தன்று ஒரு பெரியவர் பொறுப்பெடுக்கட்டும். எல்லாச் செருப்பும் ஒரே மஞ்சப்பையில் அவர் கையில் இருக்க வேண்டும். பிள்ளை இறங்கி வரும் வாசலில் அந்தப் பையோடு அவர் நிற்க வேண்டும், பந்தியில் அல்ல. கோயில்களில் வெயில் காலத்தில் தேங்காய் நார் விரிப்போ வெள்ளைப் பெயின்ட் பாதையோ போட்டிருந்தால் பிள்ளைகளை அதன் மேலேயே நடத்துங்கள்.

அப்படியும் கால் சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ், பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் வேண்டாம். வீங்கும் முன் கொலுசைக் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் லேசாக மூடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது, இந்தக் கோடையில் கல்யாணம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் பிள்ளைகளின் கால் அட்டையைக் கொண்டு வாருங்கள். எத்தனை ஜோடி என்று கணக்கெடுத்து, யார் கடைக்குப் போவது என்பதை அங்கேயே முடிவு செய்வோம்.