செய்யாறு பிறக்கும் மலையில்

தீபம் பார்க்கவோ கிரிவலம் வரவோ நீங்கள் திருவண்ணாமலைக்குச் சென்றிருக்கலாம். அடுத்த முறை கோயிலோடு திரும்பிவிடாமல், போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்குப் பஸ் ஏறுங்கள். வளைந்து வளைந்து ஏறும் பாதை உங்களை ஜவ்வாது மலைக்குக் கொண்டு சேர்க்கும். செய்யாறு பிறப்பது இங்கேதான். பீமன் மடுவில் அருவியாக விழுந்து, சமவெளிக்கு இறங்கி, முடிவில் பாலாற்றோடு கலக்கிறது.

இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள். உடனே கேரளத்தை நினைத்துவிடாதீர்கள்! மலையில் வாழ்பவர் என்பதே பொருள், பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக இவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது.

பெயர்க் குழப்பம் வேறிடத்திலும் உண்டு. துருவ வட்டத்துக்கு வடக்கே, நார்வே–பின்லாந்து எல்லையில் ஓடும் தானா ஆற்றங்கரையில் சாமி என்னும் மக்கள் வாழ்கின்றனர். பிறர் நெடுங்காலம் அவர்களை 'லாப்' என்றனர். அதை அவர்கள் இழிவாகவே கருதுகின்றனர். தானாவின் சால்மன் மீன் அவர்கள் வாழ்வோடு பிணைந்தது. மீன் வெகுவாகக் குறைந்ததால் 2021-இல் அங்கே சால்மன் பிடிக்கத் தடை வந்தது.

மலையாளிகளுக்கு அப்படிப் பிணைந்த உணவு சாமை. மேட்டு நிலத்தில், பாசனமின்றி, மழையை மட்டும் நம்பி விளைகிறது. எப்படி? ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயு வேண்டும். அதற்காக இலைத்துளைகள் திறந்தால் நீரும் ஆவியாகிப் போகும். சாமை அவ்வாயுவை இலைக்குள்ளேயே செறிவாக்கிக்கொள்ளும் இனம். ஆகவே துளைகளை அதிகம் திறக்க வேண்டியதில்லை. நெல்லைவிடக் குறைந்த நீரில் பிழைத்துக்கொள்கிறது.

இவ்வளவு சிறந்த பயிர் ஏன் பின்தங்கியது? அரிசி எளிதில் கிடைத்தது ஒரு காரணம். மற்றொன்று, என் கருத்தில் பெரிய காரணம், உலக்கை! சாமையின் உமி மணியோடு இறுக ஒட்டியிருக்கும். மெல்லக் குத்தினால் உமி போகாது, ஓங்கிக் குத்தினால் மணி நொய்யாகிவிடும். இந்தப் பாடு முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. உமி நீக்கும் இயந்திரம் வந்த இடங்களில்தான் அச்சுமை குறைந்தது.

மலையில் யாரேனும் சாமைச் சோறு தந்தால் மறுக்காதீர்கள். உமி நீக்காத சாமை கொஞ்சம் கேட்டு வாங்கி வாருங்கள். பள்ளித் தராசில் ஒரு கிராம் நிறுத்து, மணிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை முந்நூறைத் தாண்டும். பிறகு ஒரே ஒரு மணியின் உமியை நகத்தால் உரித்துப் பாருங்கள்.