மாட்டுக்குப் போட்ட ஊசி

அன்புள்ள யாழினிக்கு,

"புலியைக் காப்பாத்தணும்னா புரியுது பெரியப்பா, பிணந்தின்னிக் கழுகை எதுக்குக் காப்பாத்தணும்?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான்.

உயிரினங்கள் குறைவதற்குக் காடழிப்பு, வேட்டை, மாசு என்று உன் பாடப்புத்தகம் காரணங்களை அடுக்கியிருக்கும். பாறுகள் என்று அழைக்கப்படும் இந்தப் பிணந்தின்னிக் கழுகுகளின் கதை அதில் எதிலும் சரியாக அடங்காது. அவற்றை யாரும் சுடவில்லை, விரட்டவில்லை. ஆனாலும் 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற நிலைக்கு வந்துவிட்டன.

காரணம் டைக்ளோஃபினாக். நம் வீட்டில் மூட்டுவலிக்கு வாங்கும் அதே மருந்து. வலியில் கிடந்த மாட்டுக்கு இரக்கப்பட்டுத்தான் ஊசி போட்டார்கள். அந்த மாடு ஓரிரு நாளில் செத்தால் மருந்து இறைச்சியிலேயே தங்கிவிடும். அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் பழுதாகி, ஈரல்மேலும் இதயத்தின்மேலும் யூரிக் அமிலம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாகப் படிந்துவிடும். பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழு இதை 2004-இல் வெளியிட்டது. ஒரே மாட்டைப் பத்துப் பதினைந்து பாறுகள் கூடித் தின்னும். அதனால் நூறு மாடுகளில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும். இழப்பை ஈடுகட்டவும் வழியில்லை. வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும்.

2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை அரசு தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடுவது அதற்குப் பிறகும் நடந்தது. 2015-இல்தான் குப்பியை 3 மி.லி.க்குச் சுருக்கினார்கள். நம் ஊரில் தடைக்கும் நடைமுறைக்கும் அவ்வளவு தூரம்!

பாறுகள் போனபின் செத்த மாடுகள் நாய்களுக்கு இரையாயின. நாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி பயமும் கூடியது. 2000-க்கும் 2005-க்கும் இடையில் மட்டும் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று பொருளாதார ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது.

உன் "எதுக்கு?"வுக்கு இதுவே போதும் என்பார்கள். எனக்குப் போதவில்லை. நாளைக்கே ஊருக்கொரு எரியூட்டி வந்து செத்த மாடுகளைச் சாம்பலாக்கிவிட்டால் பாறு வாழ வேண்டாமா? பயனைச் சொல்லி வாதாடினால் அதிகாரிகள் காதுகொடுப்பார்கள், அதனால் நானும் சொல்கிறேன். ஆனால் திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் வந்த இரண்டு கழுகுகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டியவர்கள் அவற்றிடம் என்ன வேலை வாங்கினார்கள்? வந்தால் கும்பிட்டார்கள், அவ்வளவுதான். அவையும் மஞ்சள்முகப் பாறுகள்தாம். இப்போது வருவதில்லை.

ஆனால் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் நீர்மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. புலி தின்று மிச்சம் வைக்கும் மானில் ஊசி மருந்து கிடையாது. அவை அங்கே தங்கியிருக்க அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

தாத்தா வீட்டு மாட்டுக்கு டாக்டர் வரும்போது வலிமருந்தின் பெயரைக் கேட்டு வை. மெலாக்சிகாம் என்றால் பாறுகளுக்கு ஆபத்தில்லை. கீட்டோபுரோஃபென் என்றால், அதைக் கால்நடைகளுக்குப் போடக்கூடாதென்று 2023-லேயே தடை வந்துவிட்டதே என்று கேள். சின்னப்பெண் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அன்புடன்,
பெரியப்பா