கணினிப் பலகையின் தொடக்கமும் மீட்சியும்

பால் தயிராவதற்குத் தயிரே வேண்டும் என்பது நம் இல்லங்களில் யாவரும் அறிந்த செய்தி. முதல்நாள் எடுத்துவைத்த சிறிது உறைமோர் இன்றேல், குடம் நிறையப் பாலிருந்தும் தயிருக்கு வழியில்லை. கணினியின் நிலையும் இத்தகையதே. ஒரு நிரலை நினைவகத்தில் ஏற்றுதற்கு வேறொரு நிரல் வேண்டும். அந்நிரலை ஏற்றுவது யாது? இவ்வினாவிற்கு விடையாக அமைந்ததே பூட்லோடர் எனப்படும் தொடக்க நிரல். அது பழுதுறின், ஏனைய உறுப்புக்களெல்லாம் செவ்வனே இருப்பினும் பலகை ஊமையாய்க் கிடக்கும். அங்ஙனம் கிடப்பதைச் 'செங்கல்' எனப் பெயரிட்டு எறிந்துவிடுவாரும் உளர். எறியப்படுவனவற்றுள் உயிருள்ளனவும் உண்டு என்பதையும், அவற்றை எழுப்பும் முறையையும் ஈண்டு ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக, 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த பீகிள்போன் பிளாக் என்னும் சிறு பலகையைக் கொள்வோம். மின்சாரம் பாய்ந்தவுடன் இதன் செயலி தானாக யாதும் அறியாது. சில்லு வார்க்கப்பட்ட பொழுதே அதனுட் பதிக்கப்பட்ட நிலைநினைவகம் ஒன்று உண்டு. செயலி முதற்கண் அதனையே படிக்கின்றது. இது முதற்படி. பலகையிலுள்ள 512 மெகாபைட் முதன்மை நினைவகம் அவ்வேளையில் இன்னும் விழித்தெழவில்லை. ஆதலின் முதற்படியானது, சில்லினுள் இருக்கும் சிறு நினைவகத்திற் கொள்ளத்தக்க சிறு நிரல் ஒன்றைத் தேடி எடுக்கின்றது. எம்.எல்.ஓ. என்னும் பெயருடைய அந்நிரல் ஏறக்குறைய 109 கிலோபைட்டிற்கு மேற்படலாகாது. இஃது இரண்டாம் படி. முதன்மை நினைவகத்தை எழுப்பி, யூ-பூட் என்னும் பெருநிரலை அதில் ஏற்றுவது இதன் கடமை. மூன்றாம் படியாகிய யூ-பூட், லினக்ஸ் கருவை ஏற்றித் தன் பொறுப்பை அதனிடம் ஒப்புவிக்கின்றது.

இம்மூன்றனுள் பின்னைய இரண்டும் அழித்து எழுதத்தக்க சேமிப்பகத்தில் உள்ளவை. ஆதலின் அவை கெடக்கூடும். எழுதிக்கொண்டிருக்கும்பொழுது மின்சாரம் நின்றுபோதல், வேறு பலகைக்கு உரிய கோப்பை எழுதிவிடுதல், இடந்தவறி எழுதுதல் என்பன இக்கேட்டிற்குக் காரணங்களாம். முதற்படியோ எழுத்தால் அழியாதது. எத்துணைப் பிழையான நிரலை எழுதினாலும் அதனைத் தீண்ட இயலாது. மீட்சி முழுவதும் இவ்வோர் உண்மையையே பற்றி நிற்கின்றது.

இனி, நோயறியும் முறை. பலகையில் விளக்கு எரியவில்லை என்று கண்டமட்டில் முடிவு கூறுதல் தகாது. முதலில் 5 வோல்ட் மின்சாரம் சரிவர வருகின்றதா என நோக்குதல் வேண்டும். பின்னர், பலகையிலுள்ள ஆறு ஊசிகளைக் கொண்ட சீரியல் இணைப்பில் கம்பியைப் பூட்டி, மற்றொரு கணினியில் விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் அதன் பேச்சைக் கேட்க வேண்டும். அக்கம்பி 3.3 வோல்ட்டிற்கு உரியதாயிருத்தல் இன்றியமையாதது. 5 வோல்ட்டிற்கு உரிய கம்பி பலகைக்கே தீங்கு செய்யும்.

திரையில் 'சி' என்னும் ஆங்கில எழுத்து விட்டுவிட்டு மீண்டும் மீண்டும் தோன்றுமாயின், அது நற்குறி. முதற்படி உயிரோடிருந்து, எங்கும் நிரல் அகப்படாமையால், சீரியல் கம்பி வழியே ஒன்றை அனுப்புமாறு கேட்கின்றது என்பது அதன் பொருள். யூ-பூட் எஸ்.பி.எல். என்னும் வரி தோன்றி அதனோடு நின்றுவிடின், இரண்டாம் படி எழுந்தது, மூன்றாவது கிட்டவில்லை எனக் கொள்க. யூ-பூட் தோன்றி நம் கட்டளைக்குக் காத்து நிற்குமாயின் தொடக்க நிரல்கள் குற்றமற்றவை. கேடு அவற்றிற்கு மேலுள்ளது. யாதொன்றும் தோன்றாவிடினும் பலகை இறந்தது என்று துணிதல் ஆகாது. கம்பிகள் இடம் மாறியிருக்கலாம். அன்றி, எம்.எல்.ஓ. பாதி எழுதப்பட்ட நிலையில் இருக்கலாம். தலைப்பகுதி ஒழுங்காக இருப்பின், முதற்படி அதனை நம்பி ஏற்றி, பொறுப்பை அதனிடம் விட்டுவிடும். குறைநிரலோ நடுவழியில் நின்றுவிடும்.

நிற்க. இத்தகைய நிலைக்கென்றே பலகையில் எஸ்2 எனக் குறிக்கப்பட்ட பொத்தான் உள்ளது. வழக்கமாக முதற்படி, பலகையோடு ஒட்டிய சேமிப்பகத்தையே முதலில் நாடும். எஸ்2 அழுத்தப்பட்டிருப்பின் அதனை விடுத்து மைக்ரோ எஸ்.டி. அட்டையை நாடும். நம் வீட்டு உறை கெட்டவிடத்து அண்டை வீட்டில் உறை வாங்குவது போன்றது இது. அப்பலகைக்கே உரிய நல்ல நிரற்படிமத்தை வேறொரு கணினியில் அட்டையில் எழுதி, அதனைச் செருகி, மின்சாரத்தை அறவே நீக்கி, எஸ்2 பொத்தானை அழுத்தியவாறே மீண்டும் மின்சாரம் தருக. நீல விளக்குகள் ஒளிர்ந்தபின் விரலை எடுக்கலாம். மீள்தொடக்கப் பொத்தானை மட்டும் அழுத்துதல் பயன்படாது; ஏனெனில், எஸ்2-இன் நிலையை முதற்படி மின்சாரம் புதிதாய்ப் பாயும்பொழுதே குறித்துக்கொள்கின்றது.

அட்டையிலிருந்து பலகை எழுந்தவுடன் பழைய சேமிப்பகத்தை மீண்டும் எழுத விரைவது இயல்பு. ஆனால் ஈண்டே பொறுமை வேண்டும். தொடக்க நிரல் கெட்டது என்பதனால் சேமிப்பகத்திலுள்ள ஏனைய கோப்புக்களும் கெட்டன என்பதில்லை. ஒரு மாணவர் பல மாதங்களாக அளந்து சேர்த்த மழைக்கணக்கு அதனுள் இருக்கலாம். சேமிப்பகத்தைப் புதுப்பிக்கவென அமைந்த படிமங்கள் அதனை முற்றும் துடைத்தே எழுதுவன. அவற்றைப் பயன்படுத்தினால் பலகை பிழைக்கும், கணக்கு மடியும். ஆதலின் பழைய சேமிப்பகத்தைப் படிப்பதற்கு மட்டும் திறந்து, வேண்டிய கோப்புக்களைப் பிறிதோரிடத்திற் படியெடுத்து, அவை திறக்கின்றனவா எனச் சோதித்த பின்னரே புதிதாய் எழுதுக.

அட்டை இல்லாவிடினும் வழியுண்டு. 'சி' எழுத்துத் தோன்றும்பொழுது, சீரியல் வழிக்கென அமைந்த இரண்டாம் படி நிரலை எக்ஸ்மோடம் முறையில் அனுப்பலாம். பத்து விநாடி அளவில் அது சென்று சேரும். அது எழுந்து யூ-பூட்டைக் கேட்க, அதனை ஒய்மோடம் முறையில் அனுப்புதல் வேண்டும்.

வருமுன் காக்கும் உபாயமும் அறியத்தக்கது. எம்.எல்.ஓ. கோப்பாக அன்றிச் சேமிப்பகத்தில் நேரே எழுதப்படுமாயின், முதற்படி அதனை 128 கிலோபைட் இடைவெளியில் நான்கு இடங்களில் தேடும். ஆதலின் ஒன்றிற்கு மேற்பட்ட படிகளை வைக்கலாம். புதியதை எழுதுங்கால் உடற்பகுதியை முன்னும் தலைப்பகுதியை இறுதியிலும் எழுதினால், இடையில் மின்சாரம் நின்றாலும் குறைநிரல் நிறைநிரல்போல் ஏமாற்றாது. முதற்படி அடுத்த படியை நாடிச் செல்லும். புதியது நன்கு எழுகின்றதென்று கண்டபின்னரே பழையதைத் தொடுதல் வேண்டும்.

கையால் பொத்தானை அழுத்த இயலாத இடத்திலும் இம்முறையே காத்த வரலாறு உண்டு. 2004-ஆம் ஆண்டு ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட் என்னும் ஊர்தி, அம்மாதம் 21-ஆம் நாள் முதல் ஒழுங்காகப் பேசாதாயிற்று. அதன் தொடக்க நிரல் கெடவில்லை. பிளாஷ் சேமிப்பகத்திற் கோப்புக்கள் மிகுந்து, அவற்றைத் திறக்க முயலுந்தோறும் நினைவகம் போதாமல் கணினி மீண்டும் மீண்டும் தொடங்கியது. அறுபது முறைக்கு மேல் அவ்வாறு நிகழ்ந்தது. உறங்காமையால் மின்கலமும் வற்றிவந்தது. பொறியியலார், அச்சேமிப்பகத்தைத் தொடாமலே எழுக என்னும் கட்டளையைப் பூமியிலிருந்து அனுப்பினர். ஊர்தி எழுந்தது; காரணம் விளங்கியபின் சேமிப்பகம் புதுப்பிக்கப்பட்டது. தொண்ணூறு செவ்வாய் நாட்களுக்கெனச் சென்ற அவ்வூர்தி 2010 மார்ச் வரை செய்தி அனுப்பியது.

பழுதுற்ற படியை விடுத்து, அதற்குக் கீழே பழுதுறாத படி யாது என்று தேடுக. அதன்மேல் நின்று, காக்கவேண்டியதைக் காத்து, ஒவ்வொரு படியாக மேலேறுக. மேசைமேற் கிடக்கும் பலகைக்கும் செவ்வாயில் நின்ற ஊர்திக்கும் இதுவே முறை. சீரியல் கம்பியைப் பூட்டி அதன் பேச்சைக் கேளாமுன் எப்பலகையையும் செங்கல் எனச் சொல்லாதிருப்போமாக.